வெள்ளிக்கிழமை மட்டும் எழும்பும் மோட்டார் சைக்கிள்

போன வாரம் கீழ்வீட்டு சிஞ்ஞோரா கொன்செட்டா என்னைப் படிக்கட்டில் மறித்துப் பிடித்தாள்.

"உன்ரை மோட்டார் சைக்கிள் வசந்தம் வருமட்டும் நித்திரை எண்டெல்லோ சொன்னாய்? பிறகேன் வெள்ளிக்கிழமையிலை மட்டும் எழும்புது?"

அவள் இத்தாலியனில்தான் கேட்டாள். ஆனால் என் காது இந்த ஊரில் எல்லாவற்றையும் யாழ்ப்பாணத் தமிழில்தான் வாங்கும். என்ன செய்வது... பழகிவிட்டது.

நான் விழித்தேன். எந்த வெள்ளிக்கிழமை? என்ன எழும்பியது?

"காலமை. நீ ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு. முதல் படபடவெண்டு சத்தம். பிறகு சாம்பிராணிப் புகை. நான் காயப்போட்ட உடுப்பெல்லாம் கோயில் மாதிரி மணக்குது."

அவள் சொன்னது அவளுடைய மாதா கோயிலை. நான் நினைத்தது வேறு ஒன்று. என் மனுசன் எனக்குத் தெரியாமல் விற்பதற்கு ஆட்களைக் கூட்டிவந்து மோட்டார் சைக்கிளைக் காட்டுகிறார் என்று நினைத்தேன். சாம்பிராணி? பெற்றோல் மணத்தை மறைப்பதற்காக இருக்கும். சந்தேகம் வந்துவிட்டால் மூளை எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது பாருங்கள்.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் மோட்டார் சைக்கிளைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன் — சிவப்பு நிறம், கியர் உள்ளது, காலால் உதைத்து ஸ்டார்ட் பண்ணுகிற பழைய வகை. பலெர்மோவில் எங்கள் பெண்கள் பஸ்ஸில் போவார்கள். துணிந்தவர்கள் ஸ்கூட்டரில் போவார்கள். நான் இதில் போகிறேன். காலையில் மொண்டெல்லோவில் ஒரு சிஞ்ஞோராவின் வீடு துப்புரவாக்க வேண்டும். மத்தியானம் நகரத்தின் மற்றப் பக்கத்தில் தனியாக இருக்கும் ஒரு முதியவருக்குச் சமைக்க வேண்டும். பஸ்ஸை நம்பினால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும்.

ஐப்பசியில் என் வலது மணிக்கட்டு முறிந்தது.

நீங்கள் நினைப்பது பிழை. மோட்டார் சைக்கிளிலிருந்து விழவில்லை. மொண்டெல்லோ வீட்டில் திரைச்சீலை கழற்ற ஏறிய குட்டி ஏணியிலிருந்து விழுந்தேன். ஆனால் பல்லரோ சந்தையில் எங்கள் ஆட்கள் யாரைக் கண்டாலும் ஒரே கதைதான். "மோட்டார் சைக்கிள் வேண்டாமெண்டு அப்பவே சொன்னனாங்களெல்லோ." ஏணியைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா? ஏணிக்கு இந்த ஊரில் நல்ல பெயர்.

கைக்குள் தகடு வைத்து, கட்டுப் போட்டு அனுப்பினார்கள். மறுபடி ஓட்டலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். வசந்தத்தில் பார்ப்போம், மணிக்கட்டு எவ்வளவு திரும்புகிறது என்பதைப் பொறுத்தது என்றார். வலது கைப்பிடியை முறுக்கினால்தான் வண்டி போகும். மணிக்கட்டு திரும்பாவிட்டால் முறுக்க முடியாது. முறுக்க முடியாவிட்டால்... அந்த வசனத்தை நான் அன்றும் முடிக்கவில்லை.

என் மனுசன் முடித்தார்.

"இஞ்சை பாரும், உந்த மோட்டார் சைக்கிளை வித்துப்போடுவம். கை சரிவந்தால் பிறகு ஒண்டு பாக்கலாம்."

"விக்கேலாது. குளிர்காலத்துக்கு மூடி வைக்கப்போறன்."

"இஞ்சை எங்கையப்பா குளிர்காலம்?"

நியாயமான கேள்விதான். தை மாதத்திலும் இந்த ஊரில் மத்தியான வெயிலில் ஜாக்கெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். பனி விழும் நாடுகளில்தான் மோட்டார் சைக்கிளைக் குளிர்காலத்துக்கு மூடி வைப்பார்கள். பலெர்மோவில் மழை பெய்தாலும் ஒரு கையில் குடை பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள்.

ஆனால் எனக்கு அந்தச் சொல் தேவைப்பட்டது. "விற்பது" என்றால் முடிந்துவிட்டது. "நிறுத்தி வைப்பது" என்றால் எப்போது எடுப்பது என்று தெரியாது. குளிர்காலம் என்றால்? அது எப்படியும் முடியும். முடிகிற ஒன்றின் பெயரைச் சொல்லித்தான் மூடி வைக்க எனக்கு மனம் வந்தது.

கட்டுப் போட்ட கையோடு பஸ் பிடித்துப் பிரான்காச்சோவுக்குப் போனேன். அங்கே என் மெக்கானிக் பீனோ இருக்கிறார். அவரும் முதலில் சிரித்தார். பிறகு என் கையைப் பார்த்தார், சிரிப்பை நிறுத்தினார். அந்தச் சனிக்கிழமையே எங்கள் அல்பெர்கேரியா சந்துக்கு வந்து, வண்டியை எடுத்துப்போய், பழைய ஒயிலை மாற்றி, டாங்கி நிரம்பப் பெற்றோல் அடித்துக் கொண்டுவந்து விட்டார். டாங்கிக்குள் இடம் இருந்தால் ஈரம் பிடித்துக் கறள் ஏறுமாம். மீதி வேலைகளைச் சொல்லித் தந்துவிட்டு, போகும்போது விரலை ஆட்டி ஒன்று சொன்னார்.

"ஸ்டார்ட் பண்ணாதை. ஓடுறதெண்டால் நல்லாய்ச் சூடேற ஓடு. இல்லையெண்டால் தொடாதை. கொஞ்ச நேரம் ஸ்டார்ட் பண்ணி நிப்பாட்டினால் சைலன்சருக்குள்ளை தண்ணிதான் நிக்கும்."

பக்கத்தில் என் மனுசனும் நின்றார். தலையையும் ஆட்டினார்.

அவருக்கு பெர்மெஸ்ஸோவில், அதாவது இங்கத்தைய வதிவிட அட்டையில், மகேந்திரன் என்று பெயர். எனக்கு "இஞ்சாருங்கோ". ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது, ஆசையும் இல்லை, பின்னால் ஏறினால் கண்ணை மூடிக்கொள்வார். அப்படிப்பட்டவர்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை என் இரண்டு கைகளுமாக இருந்தார். எங்கள் கட்டடத்தின் அடியில் ஒரு பழைய களஞ்சிய அறை இருக்கிறது. அதற்குள் நான் ஸ்டூலில் உட்கார்ந்து உத்தரவு போட, அவர் வேலை செய்தார். கையில்லாத ஆளுக்கு வாய் எவ்வளவு நீளும் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்திருக்கும்.

கழுவச் சொன்னால் ஹோட்டல் சட்டி மினுக்குகிற மாதிரித் தேய்த்தார். செயினுக்கு எண்ணெய் என்றதும் மேலே ஓடிப்போய் நல்லெண்ணெய்ப் போத்தலோடு வந்தார்.

"உது தோசைக்கு. அதுக்கு வேற கிடக்கு, அங்கை தகரத்திலை."

"எண்ணெய் எண்டால் எண்ணெய்தானே?"

ரயர்கள் குளிர்ந்த நிலத்தில் நிற்காதபடி பலகை வைத்தோம். எலி புகாமல் இருக்கச் சைலன்சர் வாயில் துணி அடைத்தோம். பற்றரியைக் கழற்றி மேலே கொண்டுபோய், சாமிப் படத்தட்டுக்குக் கீழே சார்ஜரில் போட்டோம். அடுத்த நாள் பார்த்தால் பற்றரிக்குத் திருநீறு பூசியிருக்கிறது.

மூடுவதற்குப் பொலித்தீன் கொண்டுவந்தார். வேண்டாம், உள்ளே வேர்க்கும், காற்றுப் போகிற துணிதான் வேண்டும் என்றேன். தன் பழைய வேட்டிகள் இரண்டைச் சேர்த்துத் தைத்துக் கொண்டுவந்து மூடிவிட்டார். நல்ல பருத்தி. எனக்குப் பெரிய திருப்தி. அவர் மட்டும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரயருக்குக் கீழை ஒரு தேசிக்காயாவது வைப்பமே?"

"தேசிக்காய் வெளிக்கிடுற வாகனத்துக்கு. இது வெளிக்கிடேல்லை."

கதவைப் பூட்டிக்கொண்டு மேலே வந்தோம்.

மோட்டார் சைக்கிளுக்கு ஓய்வு கொடுத்தாயிற்று. எனக்கு யார் கொடுப்பது? நான் ஓய்வாக இருக்கத் தெரியாத பிறவி. மார்கழி முழுக்க வீட்டுக்குள் நடந்தேன். இடது கையால் சமையலறை டப்பாக்களை இடம் மாற்றினேன், மறுநாள் திருப்பி மாற்றினேன். ஜன்னலுக்குக் கீழே ஒரு எஞ்சின் சத்தம் கேட்டால் போதும், எழும்பிப் போய்ப் பார்ப்பேன். மீன்காரனின் மூன்று சக்கர வண்டி, பீட்சா கொண்டுபோகும் பையனின் ஸ்கூட்டர்... எல்லாவற்றையும் சத்தத்தை வைத்தே சொல்லுவேன். யாராவது கியர் பிழையாகப் போட்டால் எனக்கு நெஞ்சு இழுக்கும். ஒரு நாள் வேலையால் வந்த இவர், "நான் வீட்டுக்கு வந்தனோ, இல்லை பஸ் ஸ்டாண்டுக்கு வந்தனோ?" என்று கேட்டார். நான் அப்போதும் நடந்துகொண்டுதான் இருந்தேன்.

கையில் போட்ட கட்டை வெட்டிக் கழற்றிய பிறகு கை மரக்கட்டை மாதிரி இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் ஆஸ்பத்திரியில் பிசியோ. அந்தப் பெண் கையைப் பிடித்துத் திருப்புவாள், நான் பல்லைக் கடிப்பேன். வீட்டிலும் ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டும் என்று சொல்லி அனுப்புவாள். "ஓம்" என்று நான் தமிழில் சொல்லிவிட்டு வருவேன்.

இப்படியிருக்கும்போதுதான் கொன்செட்டா என்னைப் படிக்கட்டில் மறித்தாள்.

அந்த வாரத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். ஒன்றொன்றாக ஞாபகம் வந்தது. சந்தையில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் எங்கள் ஆள் ஒருவர், "மோட்டார் சைக்கிள் கிடக்கோ, குடுத்திட்டியளோ?" என்று கேட்டது. இவருடைய முழங்காலுக்குக் கீழே ஒரு பெரிய கண்டல் காயம் — கேட்டதற்கு, ஹோட்டலில் பெட்டி இடித்தது என்றார். பெட்டியா, அல்லது வாங்க வந்தவன் வண்டியை இவர் மேல் சாய்த்துவிட்டானா? நேரே கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் "ஓம், விக்கப்போறன்" என்று சொல்லிவிட்டால்? அதனால் கேட்கவில்லை. சோறு போட்டுக் கொடுத்தேன், கறியில் உப்புக் கூடிவிட்டது, அவர் பேசாமல் சாப்பிட்டார். அதுவும் எனக்குக் குற்றமுள்ள நெஞ்சாகத்தான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. "போட்டு வாறன்" என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டு இறங்கினேன். சந்தை முனை வரைக்கும் போனேன். மீன் பெட்டிகளுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

களஞ்சிய அறைக் கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே வாங்குகிற ஆள் யாரும் இல்லை. இவர் மட்டும் இருந்தார். குளித்து, திருநீறு பூசி, சுத்தமான சேர்ட் போட்டிருந்தார். வேட்டித் துணி அழகாக மடித்து ஸ்டூலில் இருந்தது. மோட்டார் சைக்கிளின் முன்விளக்கில் சந்தனம், குங்குமம். பிரேக் கம்பி இடுக்கில் ஊதுபத்தி. இவர் ஹாண்டிலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, பயந்த முகத்தோடு உதைத்துக்கொண்டிருந்தார். ஒரு தரம், இன்னொரு தரம்... கால் வழுக்கி, உதைக்கிற கம்பி திரும்பிக் காலிலேயே அடித்தது. கண்டல் காயத்தின் கதை விளங்கிவிட்டது. அடுத்த உதையில் எஞ்சின் பிடித்தது. சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. இவர் அதைப் பார்த்துக் கைகூப்பினார்.

டாங்கி நிரம்பப் பெற்றோல். அதற்கு ஒரு சாண் தூரத்தில் நெருப்பு.

நான் பாய்ந்துபோய் ஊதுபத்தியைப் பிடுங்கினேன், இடது கையால் எஞ்சினையும் நிறுத்தினேன்.

"என்ன செய்யிறியள்?"

"நீர் பிசியோவுக்குப் போகேல்லையோ?"

"நான்தான் முதல் கேட்டனான்."

"வெள்ளிக்கிழமையெல்லோ. ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி விட்டனான்."

"பீனோ என்ன சொன்னவர்? தொடவேண்டாமெண்டு சொல்லேல்லையோ?"

"அது மற்ற நாளுக்கு. வெள்ளிக்கிழமையைப் பற்றி அவர் ஒண்டும் சொல்லேல்லை."

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? எங்கள் ஆட்களுக்கு எந்தச் சட்டத்திலும் வெள்ளிக்கிழமைக்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது.

"ஒவ்வொரு வெள்ளியுமோ?"

"ஓம். முதல் வெள்ளி சைலன்சர் வாயிலை அடைச்ச துணியை எடுக்க மறந்துபோனன். எவ்வளவு உதைச்சும் ஸ்டார்ட் வரேல்லை. பிறகுதான் ஞாபகம் வந்தது. அதுக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் எடுத்து, திருப்பி அப்பிடியே வைக்கிறனான்."

"பொய் சொல்லாதையுங்கோ. விக்கிறதுக்குத்தானே? ஆர் வந்து பாத்தது?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கோபம் இல்லை. மனம் நொந்த பார்வை.

"ஆரும் வரேல்லை. வெள்ளை வேட்டியாலை தலையோடை கால் மூடி, ஒரு பொட்டும் வைக்காமல் விட்டால்... எனக்குப் பாக்கேலாமல் கிடந்தது. செத்தவீடு மாதிரி. அதுதான் உயிர் கிடக்கோ எண்டு வெள்ளியிலை ஒருக்காப் பாக்கிறனான்."

"விக்கச் சொன்ன ஆள் நீங்கள்தானே."

"ஓம், சொன்னனான். நீர் வீட்டிலை இருந்தால் எப்பிடி இருப்பீரெண்டு அப்ப எனக்குத் தெரியாது."

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன், ஏனென்றால் கோபம் இன்னும் மிச்சம் இருந்தது. சைலன்சருக்குள் தண்ணீர், பற்றரி இல்லாமல் ஓடின எஞ்சினால் பல்புகள் என்னவாகும்... எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டே போனேன். எல்லாவற்றுக்கும் "ஓம்" என்றார். கடைசியில் மடித்த வேட்டித் துணியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"நான் செய்தது பிழைதான். அசைக்க வேண்டாமெண்டு சொன்னதை அசைச்சுப்போட்டன். உமக்கு அசைக்கச் சொன்னதை நீர் அசைக்கிறீரோ?"

என் வலது கை ஜாக்கெட் பைக்குள் இருந்தது. எப்போது அங்கே வைத்தேன் என்றுகூட எனக்குத் தெரியாது.

"அண்டைக்கு ஆஸ்பத்திரிக்கு உம்மைக் கூட்டிவர வந்தனானெல்லோ. அந்தப் பிசியோப் பிள்ளை என்னட்டைத் தனியாய்ச் சொன்னது. இவ வீட்டிலை செய்யிறேல்லை, இப்பிடியே விட்டால் கை இறுகிப்போம் எண்டு. நான் உமக்குச் சொல்லேல்லை. சொன்னால் சண்டைக்கு வருவீர்."

வந்திருப்பேன். அது உண்மை.

வலிக்குப் பயந்து செய்யாமல் விடவில்லை. வலியை நான் எத்தனையோ பார்த்தவள். முறுக்கிப் பார்த்து, திரும்பவில்லை என்றால் அது தெரிந்துவிடும். முறுக்காமல் இருக்கிறவரைக்கும் திரும்பும் என்று நம்பிக்கொண்டிருக்கலாம். மோட்டார் சைக்கிளை மூடி வைத்தது போதாதென்று என் கைக்கும் குளிர்காலம் கொடுத்துவிட்டேன்.

"திரும்பாட்டி?" என்று கேட்டேன்.

"திரும்பாட்டி அண்டைக்கு ரெண்டு பேருமாய் இருந்து அழுவம். இப்ப ஏன்?"

அங்கேயே நின்று பீனோவுக்குப் போன் பண்ணினேன். வெள்ளிக்கிழமைப் பூசையை ஒரு இத்தாலியருக்கு விளங்கப்படுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவர் கடைசிவரைக்கும் கேட்டார். பிறகு சிசிலியனில் நான் இங்கே எழுத முடியாத சிலவற்றைச் சொன்னார். எஞ்சின் தப்பியிருக்கும், பல்பு போயிருந்தால் மாற்றலாம், சைலன்சரை வசந்தத்தில் கழற்றிப் பார்ப்போம் என்றார். கடைசியாக, "மோட்டார் சைக்கிளை விடு, கை எப்படி?" என்று கேட்டார். இவரும் அவரும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டு கேட்கிறார்களோ என்று ஒரு நிமிடம் திரும்பவும் சந்தேகம் வந்தது.

யோசித்துப் பார்த்தால் எங்களில் பலருடைய கதை இதுதான். சும்மா விட வேண்டியதைப் போய்ப் போய்க் கிண்டுகிறோம். பூத்த செடியைப் பிடுங்கி வேர் பார்க்கிறோம், கட்டிக் கொடுத்த பிள்ளையின் குடும்பத்துக்குள் தினம் மூன்று தரம் போன் பண்ணி எட்டிப் பார்க்கிறோம். அசைக்க வேண்டியதை மட்டும் துணி போட்டு மூடி, நாள் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கேட்டால் இரண்டுக்கும் அன்பு என்றுதான் பெயர் சொல்கிறோம்.

போனை வைத்த பிறகு இவர் என் கையைப் பைக்குள்ளிருந்து எடுத்தார். பிசியோ பெண் பிடிப்பதுபோல் இல்லை, சந்தையில் கத்தரிக்காய் பார்ப்பதுபோல் மெதுவாக எடுத்தார். எடுத்து மோட்டார் சைக்கிளின் வலது கைப்பிடியில் வைத்தார். எஞ்சின் நின்றிருந்தது. பலகைமேல் வண்டி ஆடாமல் நின்றது.

"முறுக்கும்."

முறுக்கினேன். மணிக்கட்டுக்குள் தகடு வைத்த இடத்திலிருந்து முழங்கை வரைக்கும் நெருப்பு ஓடியது. கைப்பிடி அசைந்தது. கொஞ்சம். இன்னும் கொஞ்சம். பிறகு நின்றுவிட்டது. எவ்வளவு முக்கியும் அதற்கு மேல் வரவில்லை. என் கண்ணில் தண்ணீர் வந்தது, நான் அதைத் துடைக்கவில்லை.

"எவ்வளவு வந்தது?" என்று கேட்டார்.

"அரைவாசி."

"ஓடுறதுக்கு அரைவாசி காணுமோ?"

கிண்டலாகக் கேட்கவில்லை. மோட்டார் சைக்கிளைப் பற்றி ஒன்றும் தெரியாத மனிதர், உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். நான் கைப்பிடியை விடாமல் வாசலுக்கு வெளியே பார்த்தேன். சந்துக்குள் ஒரு வான் குறுக்கே நின்று ஆரஞ்சுப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் ஒரு கார், காருக்குப் பின்னால் நாலைந்து ஸ்கூட்டர்கள், எல்லோரும் ஹோர்ன் அடிக்கிறார்கள், ஒருவரும் நகரவில்லை.

பலெர்மோவில் அரைவாசிக்கு மேல் முறுக்க யாருக்கு வழி கிடைத்திருக்கிறது?